நண்பரிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவது: ஐந்து வழிகள், எது யாருக்குப் பொருந்தும்?

"கூட வேலை பார்க்கிறவர், பல வருஷப் பழக்கம். தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரம் வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு கேக்கும் பிரியாணியும் போகும். ஆனால் நான் எதை நம்பி வாழ்கிறேன் என்று அவரிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேச வேண்டுமா? பேசினால் பழக்கம் கெட்டுவிடுமா?"

வாலிபர் கூட்டங்களிலும் பெண்கள் ஐக்கியத்திலும் இந்தக் கேள்வி பல உருவங்களில் வருகிறது. கேட்கிறவர்களில் நிறையப் பேர் தெற்கிலிருந்து வேலைக்காக வெளியூர் போனவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு நாற்பத்தாறு பேருக்கு மேல். நாகர்கோவிலில் வளர்ந்த பிள்ளை சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ போய்ச் சேரும்போது, தன் நம்பிக்கையைப் பற்றி ஒன்றுமே தெரியாத நண்பர்கள் முதல் முறையாகச் சுற்றிலும் இருக்கிறார்கள். அங்கே ஒரு கூட்டம் வாய்மூடிப் போகிறது. இன்னொரு கூட்டம் சந்தித்த மறுநாளே கைப்பிரதியை நீட்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழிகள் உண்டு.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வாழ்வின் மையத்தை நெருங்கிய நண்பரிடமிருந்து மறைத்து வைப்பது நட்புக்கு நியாயமில்லை. அதைச் சொல்லும் விதத்தில் அவருடைய சுதந்திரம் நசுங்கினால், அது சுவிசேஷத்துக்கு நியாயமில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். முதலாவதுதான் மற்ற மூன்றையும்விடப் பெரியது.

நண்பரால் "வேண்டாம்" என்று சொல்ல முடிகிறதா? பணக்கார வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனதை மாற்கு 10-ஆம் அதிகாரம் சொல்கிறது. இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. அன்புகூர்ந்தவர் அவன் பின்னால் ஓடவில்லை, நிபந்தனையைக் குறைத்துப் பேரமும் பேசவில்லை. போக விட்டார். நாம் தேர்ந்தெடுக்கும் வழியிலும் அந்தப் போகிற பாதை திறந்திருக்க வேண்டும்.

செய்தி போய்ச் சேருகிறதா? "அவன் நல்லவன்" என்பதோடு நண்பரின் புரிதல் நின்றுவிடுகிறதா, இயேசு யார், அவர் உங்களுக்கு யார் என்பதும் தெரிகிறதா?

மறுநாள் டீக்கடையில் பழைய மாதிரி பேச முடியுமா?

விலையை யார் கொடுக்கிறார்? இதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நம் பக்கத்துச் செலவு கொஞ்சம் கூச்சம், "அல்லேலூயா கோஷ்டி" என்ற கிண்டல், அவ்வளவுதான். கேட்கிறவர் பக்கத்தில் கணக்கே வேறு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பிற்காலத் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கின்றன. அந்தப் பின்னணியிலிருந்து ஒருவர் கிறிஸ்தவரானால் அந்த இட ஒதுக்கீடு போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி, கணவனோ மனைவியோ மதம் மாறுவது மற்றவர் விவாகரத்து கேட்க ஒரு காரணம். இதற்கெல்லாம் மேலே, தங்கை கல்யாணம் தடைபடுமோ, அம்மா சாப்பாட்டை நிறுத்திவிடுவாளோ என்ற பயம். இவ்வளவையும் சுமக்கப் போகிறவரிடம்தான் நாம் பேசுகிறோம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு எல்லோருக்கும் உரிமை தருகிறது. அந்தப் பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது; இரண்டே ஆண்டில் அரசே அதைத் திரும்பப் பெற்றது. உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் உண்டு. ஐக்கிய அரபு நாடுகளில் ஆலயத்தில் ஆராதிக்கலாம், மதப்பிரசாரம் செய்யக் கூடாது. வேலைக்காக அங்கெல்லாம் போகிற நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

## முதல் வழி: வாய் திறக்காமல் வாழ்ந்து காட்டுவது

"உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்ற மலைப்பிரசங்க வசனம் இதற்கு ஆதாரம். அவிசுவாசியான கணவனை மனைவி "போதனையின்றி" நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம் என்று பேதுருவும் எழுதுகிறார். சீட்டுப் பணத்தைத் தேதி தவறாமல் கட்டுவது, அலுவலகத்தில் இல்லாதவரைப் பற்றிப் புறணி பேசாமல் எழுந்து போவது, லஞ்சம் தராமல் மூன்று மாதம் அலைவது: இதையெல்லாம் ஜனங்கள் பார்க்கிறார்கள். மறுக்க இடமும் தாராளமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் எதையுமே கேட்கவில்லை.

மறைந்த விலை இரண்டு. ஒன்று, புகழ் உங்களுக்கே வந்து சேரும். "அவங்க வளர்ப்பு அப்படி" என்பார்கள். கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள் என்று ரோமர் நிருபத்தில் பவுல் கேட்பது இங்கேதான் உறைக்கிறது. பயத்துக்கு நாமே "மௌன சாட்சி" என்று பெயர் வைத்துக்கொண்டு ஒளிந்துகொள்ளவும் முடியும்.

இரண்டு, வாழ்க்கைதான் பேசும் என்றால் வாழ்க்கை முழுவதும் பேசும். கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களில் சாதிப் பெயர் பளிச்சென்று நிற்கிறது. நண்பர் அதையும் வாசிக்கிறார். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று பாடிவிட்டு, சம்பந்தம் பேசும்போது சாதி விசாரிக்கிற வீட்டின் மௌன சாட்சி என்ன சொல்கிறது என்பதை நாம் யோசித்தே ஆக வேண்டும். இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்த வழியோடு நின்றுவிட வேண்டிய இடங்களும் உண்டு. நீங்கள் மேலாளர், அவர் உங்கள் கீழ் வேலை பார்க்கிறவர். நீங்கள் ஆசிரியர், அவன் மாணவன். நீங்கள் நர்ஸ், அவர் படுக்கையில் கிடக்கிற நோயாளி. அவர்களால் உங்களிடம் சுலபமாக "வேண்டாம்" சொல்ல முடியாது. அவர்களே நேரடியாகக் கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். அதற்கு மேல் நீங்களாகப் போகாதீர்கள்.

## இரண்டாம் வழி: சொந்தச் சாட்சியைச் சொல்வது

சமமான நட்பில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

பிசாசு பிடித்திருந்து சுகமானவன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியபோது, இயேசு அவனை அவன் வீட்டுக்கு, அவன் இனத்தாரிடம் அனுப்பினார். கர்த்தர் உனக்குச் செய்ததை அவர்களுக்கு அறிவி என்றார். யோவான் 9-இல் பார்வை பெற்றவனைப் பரிசேயர் குறுக்கு விசாரணை செய்யும்போது அவன் வாதாடவில்லை. நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், எனக்குத் தெரிந்தது இதுதான் என்றான். சாட்சியின் பலம் அதில் இருக்கிறது. உங்கள் அனுபவத்தை நண்பர் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் அதைக் கேட்பதற்காக அவருடைய கடவுளையோ அவருடைய அம்மாவின் விரதத்தையோ அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சமயம் தானாக வரும். "அப்பா போனப்போ நீ எப்படிடா இவ்வளவு நிதானமா இருந்த?" என்று ஒருவன் கேட்கிறான் என்று வையுங்கள். அங்கே பிரசங்கம் வேண்டாம். "நிதானமா இல்லடா, ராத்திரியெல்லாம் அழுதேன். ஆனா இயேசு உயிர்த்தெழுந்தார்னு நான் உண்மையாவே நம்புறேன். அப்பாவை மறுபடி பார்ப்பேன்னு நம்புறேன். அதுதான் என்னைத் தாங்குது." நான்கு வாக்கியம். அதற்குமேல் வேண்டுமானால் அவன் கேட்பான். கேட்காவிட்டால் பேச்சு வேறு பக்கம் போகட்டும். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று பேதுரு சொல்வது, நம்மிடம் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குத்தான். அந்த வசனத்தில் கேள்வி முன்னால் வருகிறது, உத்தரவு பின்னால் வருகிறது.

இதற்கு நம் மண்ணிலேயே முன்னோடி இருக்கிறார். 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த தமிழறிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். பள்ளியில் வேலை பார்த்ததாலேயே அவர் மனம் மாறிவிடவில்லை. அவருக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட நண்பர் தனகோடி ராஜுவோடும் தன் தம்பியோடும் ஏற்பட்ட பேச்சும் வாசிப்பும்தான் அவரை நெருக்கமாகத் தொட்டன. 1858-இல் சென்னையில் திருமுழுக்கு பெற்றார். பெரிய பிரசங்கிகள் நிறைந்த அந்தக் காலத்திலேயே ஒரு நண்பனும் ஒரு தம்பியும் செய்த வேலை இது.

கேட்பதும் இந்த வழியில் சேர்த்திதான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, 1712 முதல் 1714 வரை சக ஊழியர் கிரண்ட்லரோடு சேர்ந்து தமிழர்களிடம் அவர்களுடைய தெய்வங்கள், சடங்குகள், நீதிகள் பற்றிக் கேள்விகள் அனுப்பி, பதில் கடிதங்களைச் சேகரித்தார். அவர்கள் கிறிஸ்தவர்களைப் பற்றி நினைத்த குறைகளும் அந்தக் கடிதங்களில் இருக்கின்றன. நண்பரின் விரதம் ஏன், அவர் குலதெய்வம் எது, மலைக்கு மாலை போட்டபோது என்ன வேண்டிக்கொண்டார் என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? கேட்காதவர் சொல்ல மட்டும் வந்தால், எதிரே இருப்பவர் அதை உடனே கண்டுகொள்வார்.

இந்த வழியின் மறைந்த விலை, சொன்ன நாளிலிருந்து உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். நீங்கள் கோபப்பட்டால்கூட "இவனா ஜெபம் பண்றவன்" என்பார்கள். மிகைப்படுத்தும் சோதனையும் உண்டு. மேடைச் சாட்சிகளைக் கேட்டுப் பழகி, நம் சின்ன அனுபவம் போதாது என்று நினைத்துக் கூட்டிச் சொல்லக் கூடாது. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

## மூன்றாம் வழி: "உனக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்பது

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியால் மனம் நோகிறவர்கள் மிகக் குறைவு. வேளாங்கண்ணிக்கு மொட்டை போடவும் மெழுகுவர்த்தி ஏற்றவும் வருகிறவர்களில் எத்தனை பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். பிள்ளைக்குத் தேர்வு, மனைவிக்கு ஆபரேஷன், கடன் நெருக்கடி என்று சொல்லும்போது "ஜெபிக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் "கண்டிப்பா" என்பார்கள். இரண்டு நிமிடம், அவர் பெயரைச் சொல்லி, அவருக்குப் புரியும் சாதாரணத் தமிழில் ஜெபியுங்கள். கூட ஒரு தூக்குவாளியில் சாப்பாடும் கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்கும் இருங்கள்.

விலை எங்கே என்றால், உடைந்த நேரத்தில் மனிதர் எதற்கும் தலையாட்டுவார். அந்த நேரத்தில் "இயேசுவை ஏற்றுக்கொண்டால் சுகம் வரும்" என்று வாக்குக் கொடுப்பது கொடுமை. சுகம் வராவிட்டால் அவர் நோயோடு குற்ற உணர்வையும் சுமப்பார். மருந்தை நிறுத்தச் சொல்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது பாவம்.

நம் சபைகளில் அடிக்கடி நடக்கும் இன்னொன்றும் உண்டு. நண்பர் உங்களை நம்பிச் சொன்ன குடும்பப் பிரச்சனை, ஜெபக்குறிப்பாகச் சபை வாட்ஸ்அப் குழுவில் ஏறுகிறது. அடுத்த வாரம் அவருக்குத் தெரியாத பத்துப் பேருக்கு அவர் வீட்டுச் சண்டை தெரியும். அவருடைய அனுமதி இல்லாமல் பெயரையும் விவரத்தையும் யாரிடமும் சொல்லாதீர்கள். கர்த்தருக்கு விவரம் தெரியும்.

## நான்காம் வழி: வீட்டுக்கும் ஆலயத்துக்கும் அழைப்பது

பிலிப்பு நாத்தான்வேலிடம் சொன்னது இரண்டே வார்த்தை: "வந்து பார்." அழைப்பதற்கு நமக்கு வாய்ப்புகள் ஏராளம். கேரல்ஸ், கிறிஸ்துமஸ் ஆராதனை, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை, அறுப்பின் பண்டிகை. திருநெல்வேலிப் பக்கம் ஆலயத்து அசனத்தில் ஊரே பந்தியில் உட்காரும். அங்கே யாரும் வெளியாள் இல்லை.

இதில் கேடு வருவது மறைத்து அழைக்கும்போது. "சும்மா சாப்பிட வா" என்று கூப்பிட்டு, வந்தவரை நடுவில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம், கடைசியில் "யாரெல்லாம் கை உயர்த்துகிறீர்கள்" என்றால், அவர் அடுத்த தடவை உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும் வரமாட்டார். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்: பாட்டு இருக்கும், ஜெபம் இருக்கும், பாஸ்டர் அரை மணி நேரம் பேசுவார், நீ நடுவில் எழுந்து போகலாம். மேடையில் இருப்பவர் அடுத்தவர் தெய்வத்தைக் கேலி செய்கிறவரா என்பதும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நண்பரைக் கூட்டிப்போகவே கூடாது.

அழைத்தால் அழைக்கப்படுவீர்கள். அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு, காதுகுத்துக்கு, கொலுவுக்குக் கூப்பிடுவார். போங்கள். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் சபைக்குச் சபை வழக்கம் மாறும், கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை அவரவர் வாசித்து முடிவு செய்யட்டும். மனச்சாட்சி தடுத்தால் அதை மட்டும் கைகூப்பி, சிரித்த முகத்தோடு மறுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் கூட நில்லுங்கள். அவர் நம்மிடம் வர வேண்டும், நாம் அவரிடம் போகமாட்டோம் என்பது நட்பாகாது.

## ஐந்தாம் வழி: கைப்பிரதி, புதிய ஏற்பாடு, ஸ்டேட்டஸ் வசனம்

பேசத் தயங்குகிறவர்களுக்கு இது சுலபம். அதுதான் இதன் குறையும். தினமும் காலையில் வாக்குத்தத்த வசனம் அனுப்பினால் நண்பர் ஒரு வாரத்தில் உங்களை மியூட் செய்வார், மறுத்ததாக உங்களிடம் சொல்லவும் மாட்டார். ஸ்டேட்டஸில் வைப்பது பரவாயில்லை, பார்ப்பதும் விடுவதும் அவர் விருப்பம். அபார்ட்மென்ட் குழு, அலுவலகக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு ஆகியவற்றில் ஒருபோதும் வேண்டாம். அவை வேறு காரியத்துக்குத் தொடங்கப்பட்டவை.

நண்பரே "படிக்க ஏதாவது கொடு" என்று கேட்டால் நிலைமை வேறு. அப்போது லூக்கா சுவிசேஷத்தைத் தனியாகக் கொடுங்கள். கெட்ட குமாரனும் நல்ல சமாரியனும் அதில் இருக்கிறார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | மறுக்க இடம் | செய்தி சேர்வது | மறைந்த விலை | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| வாழ்ந்து காட்டுவது | மிக அதிகம் | அரைகுறை | பயம் ஒளிந்துகொள்ளும் | மேலாளர், ஆசிரியர், நர்ஸ். எதிர்ப்புள்ள வீடு |
| சொந்தச் சாட்சி | அதிகம் | தெளிவு | அன்றிலிருந்து நாம் கவனிக்கப்படுவோம் | சமமான, நெடுநாள் நட்பு |
| ஜெபிக்கக் கேட்பது | நடுத்தரம். துன்பத்தில் குறைவு | ஓரளவு | பொய் நம்பிக்கை, ரகசியம் கசிவது | அக்கம்பக்கம், நோய், துக்கம் |
| அழைப்பது | சொல்லி அழைத்தால் அதிகம் | மேடையைப் பொறுத்தது | ஏமாற்றப்பட்ட உணர்வு | பண்டிகை, அசனம், வீட்டு விசேஷம் |
| பிரதி, வசனம் | வெளியே தெரியாது | குறைவு | மௌனமான விலகல் | அவரே கேட்டால் மட்டும் |

## மிகக் கடினமானது சொந்த வீடு

முதல் தலைமுறை விசுவாசிகளுக்கு இந்த அட்டவணை போதாது. அலுவலக நண்பரிடம் பேசுவது சுலபம். திருநீறு பூச வரும் அம்மாவின் கையை விலக்குவது சுலபமல்ல. அந்தக் கை விலக்கலில் அம்மாவுக்கு விஷயம் தெரியவருவதைவிட, ஒரு மாலை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்வது மேல். "நான் இயேசுவை நம்புறேன்மா. உன்னை விட்டுப் போகல, உனக்குச் செய்ய வேண்டியது எதையும் குறைக்கவும் மாட்டேன்." பிறகு அதை நிரூபிக்க வருஷங்கள் ஆகும். இங்கே இரண்டாம் வழியை ஒரு தடவை எடுத்துவிட்டு, முதல் வழிக்குத் திரும்பிவிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, தம்பி படிப்பு, சாவு வீட்டில் முன்னால் நின்று ஓடியாடுவது எதிலும் பின்வாங்காதீர்கள். சடங்கில் கலந்துகொள்ள முடியாத இடத்திலும் பக்கத்தில் நிற்க முடியும்.

## நண்பர் "வேண்டாம்" என்றால், "சரி" என்றால்

"இதோட விடு" என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அழைப்பும் டீயும் நிற்கக் கூடாது. தஞ்சாவூரில் துளஜா மன்னர் சிறுவன் சரபோஜியை ஷ்வார்ட்ஸ் ஐயரின் கவனிப்பில் விட்டார். ஊரறிந்த சுவிசேஷகரின் கையில் வளர்ந்தும் சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். 1798-இல் ஷ்வார்ட்ஸ் இறந்தபோது அவருக்காகத் துக்கப்பட்ட அதே சரபோஜி, இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சைக் கோட்டைக்குள் உள்ள ஆலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். நம்பிக்கை ஒன்றாகாமலே இவ்வளவு அன்பு சாத்தியமாயிற்று.

"சரி, எனக்கும் வேண்டும்" என்று நண்பர் சொன்னால், அப்போதுதான் உண்மையான பொறுப்பு தொடங்குகிறது. ஞானஸ்நானத் தேதி குறிக்க அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன இட ஒதுக்கீடு, திருமணம், குடும்பம் பற்றிய விவரங்களை அவரிடம் ஒளிக்காமல் பேசுங்கள். மனைவிக்கு, கணவனுக்கு அவரே சொல்ல நேரம் கொடுங்கள். பரிசாகவோ உதவியாகவோ எதையும் அந்த முடிவோடு முடிச்சுப் போடாதீர்கள். அவரைத் தனியாக விடாமல், அவர் வீட்டுச் சூழலைப் புரிந்துகொள்ளும் நிதானமான ஒரு போதகரிடம் அறிமுகப்படுத்துங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளையாக இருந்தால், பெற்றோர் அறியாமல் ஒரு அடிகூட எடுத்துவைக்காதீர்கள்.